அப்பாவுடன் சஸ்காச்சுவானில் ஆறு நாள்

முதல் நாள்: இந்தியன் ஹெட், சின்டலூட்டா

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத் தலைநகரான ரெஜைனாவுக்கு அப்பா வந்து இரண்டு மாதம் ஆகிறது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருக்கும் சம்சாரி அவர். கடைகள், ஏரிக்கரை, சட்டமன்றக் கட்டடம் எல்லாம் காட்டியாயிற்று. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார், "இதெல்லாம் டவுனு. கிராமம் எங்க பாப்பா இருக்கு?"

அந்தக் கேள்விக்காகத்தான் ஆறு நாள் விடுப்பு எடுத்தேன். செப்டம்பர் நடுவில் அறுவடை முடியும் தறுவாய். இரண்டு டப்பா புளியோதரை, ஒரு ஃபிளாஸ்க் காபி, அப்பாவுக்குக் கனமான கோட்டு ஒன்று. காலை ஏழு மணிக்கு கிழக்கே முதலாம் எண் நெடுஞ்சாலையில் கிளம்பினோம்.

நேற்று இரவு மழை. அரை மணி நேரம் ஓட்டியதுமே அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி வயல் ஓரத்தில் நாலு எட்டு வைத்தார். செருப்பு நிறைய மண் அப்பிக்கொண்டது. ஒரு குச்சியை எடுத்துச் சுரண்டியவர், அந்த மண்ணை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம கரிசலுல்லா இது!" என்றார். நிறம் நம் ஊரைவிடக் கொஞ்சம் வெளிறியது, குணம் ஒன்றுதான். பனியுகத்தின் முடிவில் இங்கே பெரிய ஏரி இருந்திருக்கிறது. அதன் அடியில் படிந்த களிமண்தான் ரெஜைனாச் சமவெளி. ஈரம் பட்டால் உப்பி ஒட்டும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். இந்த ஊர்க்காரர்கள் இதை 'கம்போ' என்கிறார்கள். ஐந்து வருடமாக இங்கே இருக்கிறேன், ஒரு நாளும் குனிந்து தொட்டுப் பார்த்ததில்லை.

சாலைகள் நூல் பிடித்தாற்போல் ஓடுவதைப் பற்றியும் கேட்டார். 1870களில் தொடங்கிய நில அளவையில் இந்தச் சமவெளி முழுவதையும் ஒரு மைல் சதுரங்களாகக் கட்டம் போட்டார்கள். ஒரு சதுரம் 640 ஏக்கர். அதில் கால் பங்கு, 160 ஏக்கர், 1872 சட்டப்படி பத்து டாலர் பதிவுக் கட்டணத்துக்குக் குடியேறிகளுக்குக் கிடைத்தது. மூன்று வருடம் குடியிருந்து உழுது காட்டினால் சொந்தம். "பத்து டாலரா?" என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். அந்த நிலம் அதற்கு முன்னால் யாருடையது என்ற கேள்வி நாளைக்கு வரும்.

இந்தியன் ஹெட் ரெஜைனாவிலிருந்து எழுபது கிலோமீட்டர். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஆனால் 1887-இலேயே இங்கே அரசு ஆராய்ச்சிப் பண்ணை வைத்துவிட்டார்கள். அதன் முதல் கண்காணிப்பாளர் ஆங்கஸ் மெக்கே. அவர் கதையை வண்டியிலேயே அப்பாவுக்குச் சொன்னேன். 1885-இல், பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த வம்சத்தவரான மேட்டி மக்களின் எழுச்சியை அடக்கப் படை போனது. சாமான் சுமக்கக் குதிரைகளெல்லாம் அதன் பின்னால் போய்விட, பல நிலங்கள் விதைக்காமல் தரிசாகக் கிடந்தன. மறுவருடம் கடும் வறட்சி. சுற்றிலும் கருகியபோது அந்தத் தரிசில் விதைத்த கோதுமை மட்டும் விளைந்தது. ஒரு வருடம் சும்மா விட்டால் மண் ஈரத்தைச் சேர்த்துவைக்கும் என்று மெக்கே எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். அப்பா தலையாட்டிக் கேட்டார். அவருக்கு இது புதுச் செய்தி இல்லை.

இன்னொரு சங்கதி அவருக்கு நிஜமாகவே புதுசு. இந்தச் சமவெளியைக் கோதுமை நாடாக்கிய மார்க்விஸ் ரகத்துக்கு ஒரு பக்கம் இந்திய வித்து. ரெட் ஃபைஃப் என்ற ரகத்தோடு ஹார்ட் ரெட் கல்கத்தா என்ற இந்தியக் கோதுமையைச் சேர்த்து உண்டாக்கியது. இந்திய வித்துதான் சீக்கிரம் முற்றும் குணத்தைத் தந்தது. இங்கே உறைபனி முந்திக்கொண்டால் விளைச்சல் போச்சு, அதனால் பத்து நாள் வித்தியாசம்கூட ஒரு குடும்பத்தின் வருடத்தைத் தீர்மானித்துவிடும். ஆட்டவாவில் சார்ல்ஸ் சாண்டர்ஸ் தேர்ந்தெடுத்த அந்த விதையை 1907-இல் இந்தியன் ஹெட்டுக்குத்தான் அனுப்பி விதைத்துப் பார்த்தார்கள்.

பக்கத்திலேயே மரக்கன்றுப் பண்ணை இருந்தது. காற்றுத் தடுப்புக்காக 1901 முதல் விவசாயிகளுக்குக் கன்று கொடுத்துவந்த இடம். அறுபது கோடிக்கும் மேல் கன்றுகள் போயிருக்கின்றன. வீடுகளைச் சுற்றிப் பெட்டி போட்டாற்போல் மர வரிசை தெரிந்தால் அது அநேகமாக இங்கிருந்து போனதுதான். 2013-இல் கூட்டாட்சி அரசு கையை எடுத்துக்கொண்டது. எனக்கு இதில் வருத்தம் அதிகம். வெட்டவெளியில் குடியிருக்கிறவனுக்கு மரம் கொடுப்பதைவிட நல்ல காரியம் ஓர் அரசுக்கு எத்தனை இருந்துவிடப் போகிறது?

மதியம் சின்டலூட்டா. நூற்றுச் சொச்சம் பேர் இருக்கும் ஊரில் ஒரு தெரு, சில வீடுகள், மணல் நிறத்தில் பரந்த வானம். இங்கேதான் சம்சாரிகள் ரயில் கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். தண்டவாளத்தை ஒட்டி உயரமாக நிற்கும் மரத்தாலான தானியக் கிடங்கை இங்கே எலிவேட்டர் என்பார்கள். அதை வைத்திருந்த கம்பெனிகள் வைத்ததுதான் எடை, சொன்னதுதான் விலை. நேரே வேகனில் ஏற்றிக்கொள்ள சட்டம் இடம் கொடுத்தும், 1901-இல் அமோக விளைச்சல் வந்தபோது ரயில்வே வேகன்களை எலிவேட்டர்காரர்களுக்கே ஒதுக்கியது. அந்த டிசம்பரில் டபிள்யூ. ஆர். மதர்வெல் முதலானவர்கள் இந்தியன் ஹெட்டில் கூடி தானிய விவசாயிகள் சங்கம் ஆரம்பித்தார்கள். 1902-இல் பதிவு வரிசைப்படி வேகன் தரவில்லை என்று சின்டலூட்டா ஸ்டேஷன் ஏஜெண்ட் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். இதே ஊர்க்காரரான இ. ஏ. பார்ட்ரிட்ஜ் 1906-இல் விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் தானியக் கம்பெனியைத் தொடங்கினார்.

தண்டவாளத்தின் ஓரத்தில் அப்பா வெகுநேரம் நின்றார். எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் நாற்பது வருட உறுப்பினர் அவர். "எடைக்கல்லு அவன் கையில இருந்தா நாம எவ்வளவு வெளைய வச்சும் பிரயோசனம் இல்ல" என்றார்.

இரண்டாம் நாள்: ஃபோர்ட் க்வாப்பெல், லெப்ரெட்

தட்டையான நிலத்தில் போய்க்கொண்டே இருக்கும்போது தரை திடீரென்று கீழே இறங்குகிறது. பள்ளத்தாக்கில் ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக் கிடக்கின்றன. ஃபோர்ட் க்வாப்பெல் அவற்றுக்கு நடுவே இருக்கிறது.

1874 செப்டம்பர் 15 அன்று இங்கேதான், நிலத்துக்காகப் பழங்குடியினரோடு அரசு செய்த ஒப்பந்தங்களில் நான்காவது கையெழுத்தானது. கிரீ, சோட்டோ முதலான மக்களின் தலைவர்கள் ஒரு பக்கம், பிரிட்டிஷ் அரசியின் பிரதிநிதிகள் மறுபக்கம். ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஐந்து டாலர் என்று அதில் எழுதியிருந்தது. இன்றைக்கும் அந்த ஐந்து டாலர்தான் கொடுக்கிறார்கள். அந்தப் பத்து டாலர் நிலம் முன்பு யாருடையது என்பதற்கு இது பதில் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

லெப்ரெட் ஏரிக்கரையில் கல்லால் கட்டிய தேவாலயம், மேலே குன்றில் ஒரு சின்னக் கோயில். பார்க்க அவ்வளவு அமைதி. இதே ஊரில் 1884 முதல் 1998 வரை பழங்குடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி நடந்தது. பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்த பிள்ளைகள், தாய்மொழி பேசினால் தண்டனை. இதே பள்ளத்தாக்கில் கிழக்கே இருந்த மரிவால் பள்ளிக்குப் பக்கத்தில் 2021 ஜூனில் கவ்செஸ் பழங்குடி மக்கள் 751 அடையாளமில்லாத கல்லறைகளைக் கண்டதாக அறிவித்தார்கள். சின்ன ஊர்களின் சேவைகளையும் சங்கங்களையும் பற்றி எழுத வந்திருக்கிறேன். அவற்றோடு சேர்த்து இதையும் எழுதாமல் போனால் அது பொய்க் கணக்கு.

ஏரியின் இன்னொரு கரையில் ஃபோர்ட் சான். 1917-இல் திறந்த காசநோய் மருத்துவமனை. 1929-இலேயே சஸ்காச்சுவான் தன் மக்களுக்குக் காசநோய்ச் சிகிச்சையை இலவசமாக்கிவிட்டது, கனடாவில் முதன்முதலாக. ஊர் ஊராகப் பணம் திரட்டி நடத்திய இடம் இது. என் தாத்தாவின் அண்ணன் காசத்தில் போனவர் என்பதால் அப்பா அந்த ஏரிக்காற்றைக் கொஞ்ச நேரம் உள்ளிழுத்துக்கொண்டே நின்றார்.

இன்றைக்கு இவ்வளவுதான். எழுத மனம் ஓடவில்லை.

மூன்றாம் நாள்: ஹோல்ட்ஃபாஸ்ட், வாட்ரஸ்

இந்தப் பயணத்தில் நான் மிகவும் பார்க்க ஆசைப்பட்ட ஊர் ஹோல்ட்ஃபாஸ்ட். பெயர் கேள்விப்பட்டவர்கள் ரெஜைனாவிலேயே குறைவு. சேம்பர்லினிலிருந்து இரண்டாம் எண் சாலையில் வடக்கே வந்தால் வரும். ஒரு தபால் நிலையம், கூட்டுறவுக் கடை, விளையாட்டு மைதானம், கொஞ்சம் வீடுகள், அவ்வளவே.

1914, 15 வாக்கில் இந்தப் பக்கத்தில் ஒரே டாக்டர். வருமானம் போதாமல் அவர் கிளம்பத் தயாரானார். விளைந்தால்தான் சம்சாரி கையில் காசு, காசு இருந்தால்தான் டாக்டருக்கு ஃபீஸ். அவர் போய்விட்டால் பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் குதிரை வண்டியில் எங்கே போவது? சார்னியா என்ற இந்தக் கிராமப்புற நகராட்சியின் உறுப்பினர்கள் கூடிப் பேசி, நிலவரிப் பணத்திலிருந்து வருடத்துக்கு 1,500 டாலர் தருகிறோம், இருந்துவிடுங்கள் என்று கேட்டார்கள். அவரும் இருந்துவிட்டார். அப்படிச் சம்பளம் கொடுக்க அப்போது சட்டத்தில் இடமே இல்லை. மாகாண அரசு 1916-இல் சட்டத்தைத் திருத்தி இதை முறைப்படுத்தியது. அப்புறம் ஊருக்கு ஊர் இதே ஏற்பாடு. பல நகராட்சிகள் சேர்ந்து பொது மருத்துவமனை கட்டிக்கொள்ளவும் அதே காலத்தில் சட்டம் வந்தது.

பக்கத்தில் லாஸ்ட் மவுண்டன் ஏரி, அதற்கு அந்தக் கரையில் மெக்கிலப் நகராட்சி. அதன் தலைவர் மாத்யூ ஆண்டர்சன் நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர். ஊர்க்காரர்கள் தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வரி கட்டினால் டாக்டரும் மருத்துவமனையும் எல்லோருக்கும் உண்டு என்ற திட்டத்தை வருடக்கணக்காக எடுத்துச் சொல்லி 1939-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இப்போது கனடா முழுவதும் நாங்கள் எல்லோரும் அனுபவிக்கும் மருத்துவக் காப்பீடு, பெரிய நகரத்தில் பெரிய படிப்புப் படித்தவர்கள் கண்டுபிடித்தது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஹோல்ட்ஃபாஸ்ட் தெருவில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. போன மார்ச்சில் எனக்கு நடந்த அறுவைச் சிகிச்சைக்கு நான் ஒரு டாலர்கூடக் கட்டவில்லை.

அப்பாவிடம் இதைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இப்ப இங்க டாக்டர் இருக்காரா?"

இல்லை. சுற்றுவட்டாரத்தில் எங்கேயோ ஒரு பெரிய ஊருக்குப் போக வேண்டும். 1993-இல் மாகாண அரசு கடனில் திணறியபோது 52 கிராமப்புற மருத்துவமனைகளை மூடியது, அல்லது சுகாதார மையங்களாக மாற்றியது. மூடாமல் இருந்தவற்றிலும் இப்போது டாக்டரும் நர்சும் கிடைக்காமல் அவசரப் பிரிவு சில நாள் திறக்காது. இந்த ஊர்கள் நாட்டுக்கே கொடுத்த ஏற்பாடு, கொடுத்த ஊர்களுக்கே சரியாகக் கிடைக்கவில்லை. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

வடக்கே போகப் போக வானத்தில் கொக்குகள். லாஸ்ட் மவுண்டன் ஏரியின் வடமுனை 1887 முதல் பறவைகள் சரணாலயம், வட அமெரிக்காவிலேயே பழையது. அறுவடை முடிந்த வயல்களில் சாம்பல் நிறக் கொக்குகள் ஆயிரக்கணக்கில் இறங்கிச் சிந்திய தானியம் பொறுக்கிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்கவில்லை.

வாட்ரஸுக்குப் பக்கத்தில் மனிட்டு பீச். ஏரித் தண்ணீர் அவ்வளவு உப்பு, ஆள் தானாகவே மிதப்பார். அங்கே 1928-இல் கட்டிய டான்ஸ்லேண்ட் என்ற நடன மண்டபத்தில் தரைப் பலகைக்கு அடியில் குதிரை முடியைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள், கால் வலிக்காமல் ஆட. அப்பா உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலில் நடந்து பார்த்தார். தரை லேசாகக் கொடுப்பது தெரிகிறதாம்.

நான்காம் நாள்: ரோஸ்தெர்ன், லேர்ட்

காலையில் வாட்ரஸில் காபிக் கடைக்குப் போனோம். நீள மேசையில் ஏழெட்டுப் பெரியவர்கள், எல்லார் தலையிலும் தொப்பி. இதற்கு 'காபி ரோ' என்று பெயர். ஒவ்வொரு சின்ன ஊரிலும் தினமும் இதே நேரத்தில் கூடி மழை, விலை, யாருக்கு உடம்பு சரியில்லை என்று பேசுவார்கள். அன்றைய காபிக்கு யார் காசு கொடுப்பது என்று தாயக்கட்டை உருட்டிப் பார்க்கிறார்கள். எங்களையும் உட்காரச் சொன்னார்கள். அப்பா என்ன பயிர் போடுவார் என்று ஒருவர் கேட்க, நான் உளுந்து, பாசிப்பயறு, கம்பு, மக்காச்சோளம் என்று மொழிபெயர்த்தேன். உளுந்து என்றால் என்ன என்று விளக்க ஐந்து நிமிடம் ஆனது. "அப்படியானால் லேர்டுக்குப் போங்கள்" என்றார்கள். நானும் அங்கேதான் கிளம்பியிருந்தேன்.

சஸ்கட்டூனைத் தாண்டி வடக்கே ஒரு மணி நேரத்துக்குள் ரோஸ்தெர்ன். இங்கே வாழ்ந்த சீகர் வீலர் என்ற விவசாயி 1911-இல் நியூயார்க் கண்காட்சியில் தன் மார்க்விஸ் கோதுமைக்கு ஆயிரம் டாலர் தங்கம் பரிசு வாங்கினார். மேற்கே திரும்பினால் லேர்ட்.

லேர்டுக்கும் தமிழ்நாட்டு அடுப்படிக்கும் சம்பந்தம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் சஸ்கட்டூன் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஆல் ஸ்லிங்கார்ட் என்ற பயிர் விஞ்ஞானி, கோதுமை மட்டுமே போட்டுக்கொண்டிருந்த இந்த மண்ணுக்குப் பருப்பு வரும் என்று நம்பினார். 1978-இல் அவர் வெளியிட்ட பெரிய பச்சைப் பருப்பு ரகத்துக்கு லேர்ட் என்று பெயர். அடுத்து வந்த சின்னப் பருப்புக்குத் தென்மேற்கே உள்ள எஸ்டன் ஊரின் பெயர். பின்னால் சிவப்புப் பருப்பும் பரவியது, நாம் மைசூர் பருப்பு என்கிறோமே, அதுதான். இப்போது உலகத்தில் இந்த வகைப் பருப்பை அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடு கனடா, அதில் பெரும்பகுதி இந்த ஒரு மாகாணம். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தினமும் கொதிக்கும் பருப்பு பெரும்பாலும் இங்கிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ போவது.

பருப்பு அறுவடை ஆகஸ்டிலேயே முடிந்திருந்தது. ஒரு வயலுக்காரர் அனுமதி கொடுத்தார். அப்பா குனிந்து அரை முழம் உயரம்கூட இல்லாத தாளுக்கிடையில் சிந்திக்கிடந்த காய்களைப் பொறுக்கி உடைத்துப் பார்த்தார். வேரைப் பிடுங்கி முடிச்சு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

"மண்ணுக்கு ஒரம் இதே போட்டுக்கும். அப்ப எதுக்கு ஒரு வருசம் சும்மா போடணும்?" என்றார்.

நான் சொல்லாமலே அவர் கண்டுபிடித்துவிட்டார். மெக்கே சொல்லிக்கொடுத்த தரிசுப் பழக்கத்தை இந்தப் பகுதியில் ஒழித்ததில் பருப்புக்கும் பட்டாணிக்கும் பெரிய பங்கு உண்டு. தரிசாக விட்ட மண் 1930களின் வறட்சியில் காற்றோடு பறந்தது. இப்போது அந்த வருடத்தில் பயறு போடுகிறார்கள். வயலுக்காரர் இன்னொன்றும் சொன்னார். 2017 டிசம்பரில் இந்தியா பருப்புக்கு முப்பது சதவீத இறக்குமதி வரி போட்டபோது அவர் களஞ்சியத்தில் வாங்க ஆளில்லாமல் சரக்குத் தேங்கிவிட்டதாம். நம் ஊர்ச் சம்சாரிக்கு விலை விழாமல் இருக்கப் போட்ட வரி இந்த ஊர்ச் சம்சாரியின் தலையில் விழுந்தது. இரண்டு பேரும் என் வழியாக இதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபமே இல்லை.

அவர் காட்டித்தான் ஊருக்குப் பக்கத்தில் ஸ்டோனி நால் என்ற மேட்டுக்குப் போனோம். லேர்டைச் சுற்றியுள்ள நிலம் யங் சிப்பவேயன் என்ற பழங்குடியினருக்கு ஒப்பந்தப்படி ஒதுக்கியிருந்தது. 1897-இல் அவர்களிடம் கேட்காமலே அரசு அதை எடுத்துவிட்டது. ஜெர்மன் பேசும் மென்னனைட், லூத்தரன் கிறிஸ்தவக் குடும்பங்கள் அதில் குடியேறின. வந்தவர்களுக்கு இந்தக் கதை தெரியாது. பல தலைமுறை கழித்து 2006-இல் இரு தரப்பாரும் இந்த மேட்டில் கூடி, நிலம் இழந்தவர்களுக்கு நியாயம் கிடைக்கச் சேர்ந்து உழைப்போம் என்று கையெழுத்திட்டார்கள். இப்போது அந்த நிலத்தில் உழுகிறவர்களே இதைச் செய்தார்கள் என்பதை அப்பா மறுபடி மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டார்.

ஐந்தாம் நாள்: ரோஸ்டவுன், கைல், ஸ்விஃப்ட் கரண்ட்

நீண்ட ஓட்டம். ரோஸ்டவுனுக்குத் தெற்கே சரளைச் சாலை ஒன்றில் குறுக்கே போகலாம் என்று நினைத்தது தப்பாகப் போயிற்று. டயர் கிழிந்தது. போனில் சிக்னல் இல்லை. பத்து நிமிடத்தில் ஒரு பிக்கப் டிரக் வந்து நின்றது. இந்தச் சாலைகளில் எதிரே வருகிறவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வார். நிற்கிற வண்டியைப் பார்த்துவிட்டு நிற்காமல் போகிறவர் கிடையாது. டயரை மாற்றிக் கொடுத்து, அடுத்த ஊர்ப் பட்டறைவரை எங்கள் பின்னாலேயே வந்தார். பட்டறைக்காரர் அறுவடை இயந்திரத்தின் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு எங்களைக் கவனித்தார். இந்த ஒரு பட்டறை இல்லையென்றால் நூறு கிலோமீட்டருக்கு வேறு கிடையாது.

அதே ஊரில் மதியச் சாப்பாடு. பழைய சீன உணவகம், இப்போது நடத்துவது பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஒரு குடும்பம். சுவரில் பழைய முதலாளியின் படத்தை அப்படியே மாட்டி வைத்திருக்கிறார்கள். சமவெளியில் அநேகமாக எல்லா ஊரிலும் ஒரு சீனர் கடை இருந்தது, பல இடத்தில் குடும்பமில்லாமல் தனியாளாக. அவர்கள் நாட்டுக்குள் வரத் தலைவரி கட்ட வேண்டும். 1903 முதல் அது 500 டாலர். 1923 முதல் 1947 வரை சீனர்கள் வருவதையே சட்டம் தடுத்ததால் மனைவி மக்களைக் கூட்டிவர வழியில்லை. சீனர் கடையில் வெள்ளைக்காரப் பெண்கள் வேலை செய்யக்கூடாது என்று இந்த மாகாணம் 1912-இல் சட்டம் போட்டது. மூஸ் ஜாவில் கடை வைத்திருந்த குவாங் விங் என்பவர் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போய் 1914-இல் தோற்றார். அப்படி நடத்தப்பட்டவர்கள்தான் விடியற்காலையிலிருந்து நடுராத்திரிவரை கடையைத் திறந்துவைத்து ஊருக்கே சமைத்துப் போட்டார்கள்.

வெளியே ஒரு பலகை, பஸ் படம் போட்டது, பெயிண்ட் உரிந்து தொங்கியது. இந்தக் கடைதான் அந்த ஊர்ப் பஸ் நிறுத்தமாகவும் இருந்திருக்கிறது. 1946-இல் மாகாண அரசு தொடங்கிய பஸ் கம்பெனி இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்களுக்கு ஓடியது. நஷ்டம் என்று சொல்லி 2017 மே 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். கல்லாவில் இருந்த அம்மா சொன்னார், அந்தப் பஸ்ஸில்தான் டிராக்டர் பாகம் வரும், ரத்தப் பரிசோதனைக் குழாய் போகும், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வண்டி ஓட்டத் தெரியாத பாட்டி சஸ்கட்டூன் போய்வருவார். இப்போது அந்தப் பாட்டியை யாராவது முறை வைத்துக் கூட்டிப்போகிறார்கள்.

கைலில் மாமத யானைச் சிலை பார்த்தோம். 1964-இல் சாலை போடத் தோண்டியபோது எலும்பு கிடைத்ததாம். அப்புறம் ஆற்றைக் கடந்து சாயங்காலம் ஸ்விஃப்ட் கரண்ட்.

மூன்றாம் நாள் எழுதியதன் தொடர்ச்சி இந்த ஊர். இங்கிருந்து வடமேற்கே ஹேஸ்லெட் என்ற குட்டி ஊரில் நகராட்சிச் செயலாளராக இருந்தவர் வில்லியம் புராக். 1945-இல் சுற்றியிருந்த நகராட்சிகளுக்கெல்லாம் தானே கடிதம் எழுதி, கூட்டம் கூட்டி, எல்லோரும் சேர்ந்து ஒரே சுகாதார மண்டலம் அமைப்போம் என்றார். நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்றார்கள். 1946 ஜூலை 1 முதல் இந்த மண்டலத்தில் எல்லோருக்கும் மருத்துவமனையும் டாக்டரும் உண்டு என்றானது. வட அமெரிக்காவில் அப்படி ஒன்று அதுவே முதல். முன்னாள் மாகாண முதல்வர் டாமி டக்ளஸ் கட்சியின் அரசு மாகாணம் முழுக்கக் கொண்டுவந்தது 1962-இல், பதினாறு வருடம் கழித்து. அப்போது டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். டக்ளஸுக்குச் சிலை உண்டு. அந்தச் செயலாளர் கடிதம் எழுதிய மேசைக்கும் ஒரு மாலை போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஆறாம் நாள்: ஒகெமா, திரும்பும் வழி

கிரேவல்பர்கில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய பேராலயத்தை எட்டிப் பார்த்துவிட்டு நேரே ஒகெமா வந்தோம். வழி நெடுக எலிவேட்டர் இல்லாத ஊர்கள். 1930களில் மேற்குக் கனடாவில் ஐயாயிரத்துக்கும் மேல் எலிவேட்டர்கள் இருந்தன. விவசாயிகளே சேர்ந்து 1924-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த கோதுமைக் கூட்டுறவுக்கு மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தன. 1995-இல் ரயில் கட்டணச் சலுகை போனது, கிளைத் தடங்களைப் பிடுங்கினார்கள், மரக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. கூட்டுறவும் பங்குச் சந்தைக்குப் போய் 2007-இல் பெயரையே இழந்தது. கோபுரம் விழுந்த நாளில் ஊரே நின்று அழுததைக் காபி ரோவில் சொன்னார்கள். கோயில் கோபுரத்தை இடித்தால் எப்படி இருக்கும் என்று அப்பா தானாகவே ஒப்பிட்டார்.

ஒகெமாக்காரர்கள் தடத்தை விடவில்லை. உள்ளூர் முதலீட்டில் குறுந்தட ரயில் கம்பெனி அமைத்துத் தானியம் அனுப்புகிறார்கள். அதே தண்டவாளத்தில் கோடையில் பழைய ரயில் பெட்டியில் பயணிகளைக் கூட்டிப்போகிறார்கள். தங்கள் ஸ்டேஷன் கட்டடம் போய்விட்டதால், அதே மாதிரிக் கட்டடம் ஒன்றை சிம்ப்ஸன் ஊரிலிருந்து தூக்கி வந்து வைத்திருக்கிறார்கள். கடைத்தெரு நடுவே 1915-இல் கட்டிய செங்கல் தீத்தடுப்புச் சுவர் நிற்கிறது. ஒரு தெருவே எரிந்த பிறகு, இனி ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் பிழைக்கட்டும் என்று கட்டியது.

ரெஜைனா திரும்பும் வழியில் ஒரு சின்ன ஊரின் பொது மண்டபத்துக்கு வெளியே எழுபது, எண்பது வண்டிகள். கோழி விருந்து! அறுவடை முடிந்ததும் ஊர் சேர்ந்து சமைத்து டிக்கெட் போட்டு நடத்துவது. வரும் பணம் ஐஸ் விளையாட்டு அரங்குக்கோ தீயணைப்பு வண்டிக்கோ போகும். இந்த வருடம் அரங்கின் கூரைக்கு. உள்ளே நீள மேசைகள், வான்கோழி, உருளைக்கிழங்கு மசியல், முட்டைக்கோஸ் இலையில் சோறு சுருட்டியது, உக்ரைன்காரர்களின் பெரோகி, சஸ்கட்டூன் பழம் போட்ட பை. பெரோகியைக் கடித்த அப்பா, "கொழுக்கட்டைக்குள்ள கெழங்க வச்சிருக்காக" என்று இன்னும் நாலு வாங்கிக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்து நான் கோட்டை எடுத்துக்கொண்டு திரும்பினால் அப்பாவைக் காணோம். சமையலறையில் மூன்று வெள்ளைக்காரப் பெரியவர்களுக்கு நடுவே நின்று, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கழுவிய தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை புரியாது. தட்டு கை மாறி வந்துகொண்டே இருந்தது. "இன்னும் ஒரு அடுக்குதான் இருக்கு பாப்பா, வண்டிய எடுத்து வையி, வந்துருதேன்" என்றார்.